340 கிராம் கார்ன்டு பீஃப் டின்: கறிக்கு முன்னால் மடிப்பைப் பாருங்கள்

கார்ன்டு பீஃப் டின் வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து ஹலால் முத்திரையை, அப்புறம் தேதியை. மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் பொருளின் நல்லது கெட்டது முடிவாகிற இடம் டின்னின் விளிம்பைச் சுற்றி ஓடும் மடிப்பு. அதைத் திருப்பிப் பார்க்காமலே கூடையில் போட்டுவிடுகிறோம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் மளிகைக் கடை அலமாரியில் இருக்குமே, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் சரிந்த பக்கங்களோடு, அந்த 340 கிராம் டின்னைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். எந்த ஒரு கம்பெனியின் டின்னும் இல்லை. எந்தக் கம்பெனி டின்னைக் கையில் எடுத்தாலும் பார்க்க வேண்டியது என்ன என்பதே விஷயம்.

பெயரில் உள்ள 'கார்ன்' மக்காச்சோளம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் பரல் பரலான கல்லுப்பையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். உப்புப் பரலில் ஊறிய மாட்டுக்கறி, அவ்வளவுதான். சரிவு டின் வடிவத்துக்கு அமெரிக்காவின் சிகாகோவில் 1875-இல் காப்புரிமை வாங்கினார்கள். அகலமான பக்கம் திறந்து கவிழ்த்தால் கறி உடையாமல் ஒரே கட்டியாக வழுக்கி வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சரிவு. ஏறக்குறைய 150 வருடம் ஆகியும் அதை மாற்றத் தோன்றவில்லை என்றால் அது நல்ல வடிவமைப்புதான்.

உள்ளே இருக்கும் கறி இரண்டு முறை வெந்தது. முதலில் கொழுப்பு, ஜவ்வு நீக்கி வேகவைத்து, உதிர்த்து, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சோடியம் நைட்ரைட் சேர்த்து டின்னில் அடைக்கிறார்கள். காற்றை உறிஞ்சி மூடிய பிறகு டின்னோடு இன்னொரு முறை அழுத்தக் கொதிகலனில் வேகிறது. இந்த இரண்டாவது வேக்காட்டில்தான் உயிர் இருக்கிறது. மாட்டுக்கறியில் புளிப்பு கிடையாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம்தான் உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்குகிற பாட்டுலினம் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாகாது. டின்னின் நடு மையத்தில் 121 டிகிரி செல்சியஸ் சூடு 3 நிமிடம் நின்றதற்குச் சமமான வேக்காடாவது கிடைத்தாக வேண்டும். வீட்டுக் குக்கரிலும் அந்தச் சூடு வருமே என்று பாட்டிலில் கறி அடைத்து வைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டாம். இறுக்கமாக அடைத்த கறியின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நெடுநேரம் பிடிக்கும். எத்தனை விசிலில் அது நடந்தது என்று வீட்டில் அளக்க வழியே இல்லை.

வேக்காடு முடிந்த டின்னைத் தண்ணீர் விட்டு ஆற்றுவார்கள். தவறு நடந்தால் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். டின் ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகிறது. மடிப்பில் முடியளவு இடைவெளி இருந்தாலும் வெளியே ஓடும் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு டைபாய்டு வந்தது இப்படித்தான். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு பெரிய கார்ன்டு பீஃப் டின். ஆலையில் டின்களை ஆற்றியது குளோரின் கலக்காத ஆற்றுத் தண்ணீரில். கடையில் அந்தக் கறியை வெட்டிய அதே இயந்திரத்தில் மற்றக் கறிகளையும் வெட்டியதால் கிருமி அவற்றுக்கும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டைபாய்டு கிருமி வாயு உண்டாக்காது. எனவே அப்படிக் கெட்ட டின் உப்பாது. "டின் உப்பலையே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். உப்பிய டின்னைக் கண்டிப்பாகத் தள்ள வேண்டும். ஆனால் உப்பவில்லை என்பது மட்டும் நற்சான்று ஆகாது. ஆலைகளில் இன்று குளோரின் கலந்த தண்ணீரில்தான் ஆற்றுகிறார்கள் என்றாலும், கடைக்கு வந்த பிறகு மடிப்பில் அடிபட்டால் அதே வழி மறுபடி திறந்துகொள்ளும்.

ஆகவே கடையில் டின்னைக் கையில் எடுத்ததும் இரண்டு முனைகளையும் விளிம்போடு கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். மூடியும் உடம்பும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இறுகிய அந்த வரம்பு எங்கும் ஒரே உயரத்தில், ஒரே வழவழப்பில் போக வேண்டும். நகம் மாட்டுகிற கூர், சட்டென்று அகலும் இடம், பிசுபிசுப்பு, காய்ந்த பழுப்புக் கசிவு எது தட்டுப்பட்டாலும் திருப்பி வைத்துவிடலாம். சப்பையான பக்கத்தின் நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம் இருந்தால் பரவாயில்லை. மடிப்பின் மேலோ மூலையிலோ விழுந்த அடி சின்னதாக இருந்தாலும் வேண்டாம். டின்னோடு வரும் சின்னச் சாவியால் தகட்டைச் சுருட்டித் திறக்கும் டின்னில் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு கீறல் கோடு இருக்கும். தகடு மிக மெல்லியது அந்தக் கோட்டில்தான், அதனால் அங்கே பட்ட அடியும் மடிப்பில் பட்டதற்குச் சமம். முனையை அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய் வெளியே வரக் கூடாது. துரு துணியால் துடைத்தால் போய்விட்டால் சரி. துடைத்த இடத்தில் குழி தெரிந்தால் தள்ளுங்கள். காகித லேபிள் ஒட்டிய டின்னில் துரு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். காகிதத்தில் பழுப்புக் கறை ஊறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடை எப்படி வைத்திருக்கிறது என்பதும் முக்கியம். ஆலை வேக்காட்டையும் தாங்கிப் பிழைக்கிற வெப்பம் விரும்பி வித்துகள் சில உண்டு. சாதாரண அறைச் சூட்டில் அவை தூங்கும். 45 டிகிரியைத் தாண்டினால் விழித்துப் பெருகும். வளைகுடாக் கோடையில் கடை வாசலில் வெயிலில் அடுக்கிய டின்னும், மூடிய காரின் டிக்கியில் நாள்கணக்கில் கிடந்த டின்னும் தேதி முடியாமலேயே கெட்டுப்போவதற்குக் காரணம் அதுதான்.

லேபிளில் பட்டியல் சின்னதாக இருப்பதே நல்லது: வேகவைத்த மாட்டிறைச்சி, மாட்டிறைச்சி, உப்பு, சர்க்கரை, சோடியம் நைட்ரைட். கடைசியில் உள்ளதை ஈ 250 என்றும் போடுவார்கள். சோயா புரதம், மாவுச்சத்து, இயந்திரத்தில் எலும்பிலிருந்து பிரித்த இறைச்சி என்று பட்டியல் நீண்டால் அது வேறு பொருள். விலை குறைவதும் அதனால்தான். 100 கிராம் தயாரிக்க 100 கிராமுக்கு மேல் பச்சைக் கறி பயன்படுத்தியதாகச் சில டின்களில் போட்டிருப்பார்கள். அச்சுப் பிழை இல்லை. முதல் வேக்காட்டில் கறி தண்ணீர் விட்டுச் சுருங்குவதால் வரும் கணக்கு அது. பிரேசில் டின் என்றால் எஸ்.ஐ.எஃப். என்ற மத்திய ஆய்வு முத்திரையும் ஆலை எண்ணும் இருக்க வேண்டும். அந்த முத்திரை மட்டும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. 2017 மார்ச்சில் பிரேசில் போலீஸ் இறைச்சி ஆலைகளில் சோதனை நடத்தியபோது ஆய்வாளர்களே லஞ்சம் வாங்கிய குற்றச்சாட்டில் சிக்கினார்கள்.

நைட்ரைட்டைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். கறி ரோஜா நிறத்தில் இருப்பது அதனால்தான். வேகவில்லை என்று அர்த்தமில்லை. பாட்டுலினம் வளராமல் தடுக்கவும் அது உதவுகிறது. அதே நேரம், பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. நம் பரிந்துரை: மாதத்துக்கு ஓரிரு முறை. பச்சைக் கறி நல்லதாகக் கிடைக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. உப்பும் கவனிக்க வேண்டியது. 100 கிராமுக்கு 2 கிராம் அளவில் உப்பு இருந்தால் ஒரு டின்னில் ஏறக்குறைய 7 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு டின் நான்கு பேருக்கு என்று வைத்துக்கொள்வதே சரி.

திறப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். துண்டு போடுவதானால் முதல் நாள் இரவே டின்னை ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொழுப்பு இறுகினால்தான் கத்திக்கு நிற்கும். சாவியின் துளையில் தகட்டு நாக்கை நுழைத்து, கோட்டின் மேலேயே நேராகச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் பட்டை பாதியில் அறுந்துவிடும். அறுந்தால் விரலால் இழுக்காதீர்கள், அந்த ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். அகலமான முனையைச் சாதாரண டின் கட்டரால் திறந்துகொள்ளலாம். கவிழ்த்தும் கறி இறங்கவில்லை என்றால் குறுகிய முனையில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். காற்று உள்ளே போனதும் கட்டி தானாக வழுக்கி வரும்.

திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் மெல்லிய சத்தம் வந்தால் நல்ல அறிகுறி. வெளியே பீய்ச்சினாலோ, ஜெல்லியில் குமிழிகள் தெரிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாதபடி கட்டி எறியுங்கள். டின்னின் உட்சுவரில் ஊதாவும் கறுப்புமாகத் திட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். கறியில் உள்ள கந்தகம் தகட்டோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது.

சுவை என்று பார்த்தால் அப்படியே சாப்பிட இது சுமார்தான்: உப்பு தூக்கல், நார் நாராக மென்மை, நாக்கில் கொழுப்புப் படலம். வாணலியில்தான் பிழைக்கிறது. ஒரு டின்னுக்கு 2 பெரிய வெங்காயம், 3 பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, வேகவைத்த நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள். உப்பு போடவே கூடாது. எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும், மீதியைக் கறி விடும். வெங்காயம் நன்றாக வதங்கித் தண்ணீர் வற்றிய பிறகு கறியைச் சேர்த்துப் பரப்பி, நடுத்தரத் தீயில் 4 நிமிடம் கரண்டியே போடாமல் விடுங்கள். அடி பொன்னிறமாகப் பிடித்ததும் ஒரே தடவை திருப்பினால் முறுகல் கிடைக்கும். கிண்டிக்கொண்டே இருந்தாலும் தக்காளி சேர்த்தாலும் கூழாகிவிடும், ஏற்கெனவே இரண்டு முறை வெந்த நார் இல்லையா. கருகவும் விடாதீர்கள், நைட்ரைட் சேர்ந்த கறியை அதிகச் சூட்டில் கருக்கினால் நைட்ரோசமைன் என்ற வேண்டாத பொருள் உண்டாகும்.

திறந்த நிமிடத்திலிருந்து அது சாதாரண வெந்த கறிதான். மிச்சத்தை டின்னோடு வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, 5 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்து, 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை எடுத்து வைக்க வேண்டாம். ஓட்டல்களுக்கான 2.72 கிலோ டின் கிராம் கணக்கில் மலிவாகத் தெரியும்; குடும்பத்துக்கு வாங்காதீர்கள், மூன்று நாளில் அது தீராது. கர்ப்பிணிகள் கடைக் கவுன்டரில் வெட்டித் தரும் துண்டுகளைத் தவிர்த்துவிட்டு, அப்போதுதான் திறந்த டின்னிலிருந்து எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம்.