ஆறு கண்ணாடிக் கலங்களோடு ஏழு வருடம்

தோலில் பூசும் மருந்து உள்ளே எவ்வளவு போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று அளப்பதற்காக எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஆறு ஃபிரான்ஸ் கலங்கள் வந்து ஏழு வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் வைத்து இதைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பாவிக்கலாம், ஆனால் கையேட்டில் எழுதாத சில விஷயங்கள் எங்கள் ஊருக்கென்றே இருக்கின்றன.

அமைப்பு எளிது. மேலே ஒரு கண்ணாடிக் குவளை, கீழே ஒன்று, நடுவே தோல் துண்டு, வெளியே ஒரு கவ்வி. மேலே மருந்தைப் பூசுவோம். கீழே பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் (அமிலத்தன்மை மாறாமல் நிற்கும் உப்புக் கரைசல்), அதற்குள் சின்னக் காந்தம் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க் கை வழியாக நேரத்துக்கு நேரம் அரை மில்லிலீற்றர் எடுத்து, அதே அளவு புதுக் கரைசலை விட்டு, எடுத்ததில் எவ்வளவு மருந்து என்று பார்ப்போம். வழக்கமாக 24 மணித்தியாலம் ஓடும். 1975இல் தோமஸ் ஃபிரான்ஸ் என்ற ஆய்வாளர், இப்படிக் கலத்தில் கிடைத்த முடிவுகளை உயிருள்ள மனிதரில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு எழுதினார். பெயர் அவரால் வந்தது.

முதல் வருடம் என்னை அழவைத்தது காற்றுக் குமிழ். ஒரே ஜெல், ஒரே நாள், ஆறு கலத்திலும் ஆறு விதமான எண். ஒரு நாள் பின்னேரம் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து பார்த்தேன். தோலின் அடியில், மிளகு அளவில் ஒரு குமிழ் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. எங்கள் கலத்தின் வாய் 15 மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றர் குமிழ் ஒன்று அதில் ஒட்டினால் ஒன்பதில் ஒரு பங்கு தோலுக்குக் கீழே கரைசலே இல்லை என்று அர்த்தம். இப்போது கரைசலை முதலே சூடாக்கிக் காற்றை வெளியேற்றுகிறேன். கலத்தைச் சாய்த்து, கை வழியாகக் குமிழை விரட்டாமல் மருந்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு முறை சிரிஞ்ச் இழுத்த பிறகும் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.

அப்புறம் வெப்பம். தோலின் மேற்பரப்பு 32 பாகையில் நிற்க வேண்டும். குளிர் நாட்டில் இதற்கு ஒரு சூடாக்கி போதும். எங்கள் அறை சித்திரை, வைகாசியில் மத்தியானம் 34 பாகை. சூடாக்கிக்குக் குளிர வைக்கத் தெரியாது! வெப்பம் ஏறினால் மருந்து வேகமாக ஊடுருவும், மார்கழியில் எடுத்த எண்ணோடு வைகாசி எண்ணை ஒப்பிட முடியாது. ஏசி இல்லாத அறையில் இந்தக் கருவியை வைக்கவே வேண்டாம். ஏசி வரும்வரை நாங்கள் இரவில்தான் ஓட்டினோம்.

கிணற்றுத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். கலத்தின் இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கிடையே சுற்றி ஓடும் சூட்டுத் தண்ணீருக்கு ஆரம்பத்தில் குழாயைத்தான் திறந்தோம். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கேத்திலில் படிவது போலவே கண்ணாடிச் சுவருக்குள்ளும் வெள்ளையாகப் படிந்து, ஓட்டம் குறைந்து, கடைசிக் கலம் சூடாகவே இல்லை. வினாகிரி விட்டுக் கழுவியெடுத்தோம். அன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

தோலுக்குப் பன்றிக் காதுதான் எங்கள் தெரிவு, மனிதத் தோலோடு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் இறைச்சிக் கடையில் மயிர் களையச் சுடுதண்ணீரில் முக்குவார்கள். முக்கினால் மேல்தோல் கழன்றுவிடும். மருந்தை மறிப்பதே அதன் ஆக வெளியே உள்ள படைதான், 10 முதல் 20 மைக்றோமீற்றர் தடிப்பு. அது போனால் அளந்து பயனில்லை.

"அண்ணை, சுடுதண்ணி படாத காது வேணும்."

"என்னத்துக்குத் தங்கச்சி, சமைக்கவோ?"

விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் வெட்டும் நாளில் விடியவே போன் பண்ணுவார். அவர் இல்லாவிட்டால் என் வேலை பாதியும் நடந்திராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது, உறைய வைத்திருந்த தோல் எல்லாம் இளகிப் பழுதாகியது. திரும்ப அவர்தான் தந்தார். தோலுக்குப் பதிலாகச் செயற்கை மென்சவ்வு வாங்கலாம், எண்கள் சீராக வரும். இரண்டு கிறீம்களை ஒப்பிட அது நல்லது. உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்ல எனக்கு அது போதவில்லை.

நான் விட்ட பெரிய பிழை ஒரு சித்த வைத்தியர் கொண்டுவந்த நோவெண்ணெயில். 24 மணித்தியாலம் ஓட்டியும் கீழே ஒன்றும் இல்லை. "ஊடுருவவில்லை" என்று எழுதப் போனேன். நல்ல காலம், தோலைக் கரைத்துப் பார்த்தேன், பொருள் அதற்குள்ளேயே நிறையக் கிடந்தது. எண்ணெயில் கரைவது வெறும் நீர்க் கரைசலுக்குள் இறங்க மறுத்திருக்கிறது. கீழே கொஞ்சம் எதனோல் சேர்த்தபோது வந்தது. அந்த வைத்தியரின் மருந்தைப் பற்றிப் பிழையாக ஒரு வரி எழுதியிருப்பேனே என்று இன்றும் நெஞ்சு பதறும். அதனால் இப்போது மேலே மிஞ்சியது, தோலில் தங்கியது, கீழே வந்தது மூன்றையும் அளந்து, கூட்டினால் பூசிய அளவு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு எழுதுகிறேன்.

அம்மா முழங்காலுக்கு டைக்ளோபெனாக் என்ற நோ மருந்து ஜெல் பூசுவார். "மாத்திரை மாதிரி இதுவும் வயித்தைக் கெடுக்குமோ பிள்ளை?" என்று கேட்டார். முழங்காலில் பூசும்போது இரத்தத்தில் சேர்வது மாத்திரையோடு பார்த்தால் ஏறத்தாழ 6 சதவீதம்தான் என்று சொன்னேன். நிம்மதியாகப் பூசினார். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான், இப்படியான கேள்விக்கு ஊகமாக இல்லாமல் எண்ணோடு பதில் சொல்லலாம்.

ஆறில் நான்குதான் இப்போது ஓடுகின்றன. இரண்டின் குழாய்க் கை கழுவும்போது முறிந்தது. கை முறிந்தால் கீழ்க்குவளையையே மாற்ற வேண்டும், வர மாதக்கணக்காகும். ஆறு கலம் வாங்குபவர்கள் கீழ்க்குவளை எட்டாக எடுங்கள். கழுவும் தொட்டியின் அடியில் ஒரு துவாயை விரித்துவிடுங்கள், நாங்கள் இரண்டாவது முறிந்த அன்றுதான் விரித்தோம்.