ஃப்ளூக் 87வி: ரேடார் அறையிலிருந்து ஜேக்கப்ஸ் தொழிற்சாலைக்கு வந்த எனக்குத் துணையான மீட்டர்

தைப்பூசக் காவடி முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, தென்னாப்பிரிக்க ராணுவத்தின் சிக்னல் பட்டறையில் வேலை பார்க்கும் டர்பன் சாட்ஸ்வொர்த் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, இந்த வருஷக் கடைசியில வெளிய வரேன். முதல்ல எந்த மீட்டர் வாங்கணும்?” கையில் இலையோடு நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அப்போதைக்கு ஏதோ சொல்லிவிட்டேன். முழு பதிலை இங்கே எழுதுகிறேன், அவனுக்கும் அவனைப் போல படையிலிருந்து வெளியே வரும் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தில் 14 வருஷம் கப்பல் ரேடார் பராமரிப்பில் இருந்தவன். இப்போது டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் மின்னணுப் பராமரிப்பு பார்க்கிறேன். வெளியே வந்த முதல் வருஷம் என் சொந்தக் காசில் வாங்கியது ஃப்ளூக் 87வி மல்டிமீட்டர், அதாவது வோல்ட், மின்னோட்டம், மின்தடை எல்லாம் அளக்கும் கைமீட்டர். அந்த ‘வி’ ரோமன் ஐந்து, 87 வரிசையில் ஐந்தாவது மாடல். மலிவான மீட்டர் இல்லை. அப்போது என் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி போனது, வீட்டில் அதற்காக ஒரு பெரிய பேச்சே நடந்தது. ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் அதே மாடல்தான்.

படையில் மீட்டர் நம்முடையது இல்லை. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எடுப்போம், அளவுத்திருத்தத் தேதி ஒட்டியிருக்கும், தேதி தாண்டினால் அதை யாரோ எடுத்துப்போய் சரிபார்த்துத் திருப்பித் தருவார்கள். வெளியே அப்படி ஒருவரும் இல்லை. நாம் அளந்தது சரி என்று நாமே நிரூபிக்க வேண்டும். சானாஸ் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தென்னாப்பிரிக்க அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். தரத் தணிக்கைக்கு வருபவர்கள் கேட்கும்போது அந்த ஒரு தாளை எடுத்து நீட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சரி, மீட்டருக்கு வருகிறேன். இதில் நான் அதிகம் நம்புவது மஞ்சள் பட்டன்.

இன்றைய தொழிற்சாலையில் மோட்டார்கள் பெரும்பாலும் விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) வழியாகத்தான் ஓடுகின்றன. அந்த டிரைவ் மோட்டாருக்கு அனுப்புவது அழகான சைன் அலை இல்லை. உள்ளே இருக்கும் டிசியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. சாதாரண மீட்டரை அதில் வைத்தால் எண்கள் நம்மை ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு கன்வேயர் அதிர்ந்து அதிர்ந்து ஓடியது. டிரைவின் திரை 30 ஹெர்ட்ஸ், 240 வோல்ட் என்கிறது, பட்டறை மீட்டரோ 340ஐத் தாண்டி ஏதோ காட்டுகிறது, அதிர்வெண்ணைக் கேட்டால் ஆயிரக்கணக்கில் தாவுகிறது. டிரைவ்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, கழற்ற ஆளே வந்துவிட்டது. நான் என் 87வியை வைத்தேன், முதலில் அதுவும் அதே 340தான் காட்டியது. மஞ்சள் பட்டனை அழுத்தினேன். உள்ளே இருக்கும் லோ பாஸ் ஃபில்டர் அந்த வெட்டுகளை விலக்கி, மோட்டார் உண்மையில் உணரும் அலையை மட்டும் காட்டுகிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தால் 240, 240, 239, மூன்று ஜோடியும் ஒன்றுபோல. அப்படியானால் டிரைவில் குறை இல்லை. அப்புறம் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து அங்கே வைத்தேன், இரண்டு ஜோடி குதித்துக்கொண்டிருந்தது. ஒரு முனையில் நட்டு தளர்ந்து, கீழே வாஷர் கருகிப் போயிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, முனையைச் சுத்தம் செய்து முடுக்கினோம், 20 நிமிட வேலை.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டு “வோல்டேஜ் இல்லை” என்று கையை உள்ளே விடாதீர்கள். காட்டுவதைவிட அதிகமான வோல்டேஜ் அங்கே இருக்கலாம், கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். முதலில் ஃபில்டர் இல்லாமல் அளக்க வேண்டும், பிறகுதான் ஃபில்டர். இன்னொன்று, ஃபில்டர் போட்டதும் ஆட்டோ ரேஞ்ச் (அளவு வரம்பை மீட்டரே தேர்வது) நின்றுவிடும், ரேஞ்சை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாமல் இருந்தால் முதல் நாள் குழப்பும்.

ரேடாரிலிருந்து வருகிறவர்களுக்கு டிரைவ் புதிதாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். 400 வோல்ட் ஏசியை நேராக்கினால் உள்ளே சுமார் 565 வோல்ட் டிசி நிற்கும், மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். ரேடாருக்கு உயர் வோல்டேஜ் துடிப்பு தரும் மாடுலேட்டரைத் திறந்தால் முதலில் எர்த் தடியால் தொட்டு வடித்த பிறகுதான் கை வைப்போம் இல்லையா, அந்தப் பழக்கம் இங்கே அப்படியே உயிர்காக்கிறது. நான் டிரைவை நிறுத்தியதும் மீட்டரை டிசியில் போட்டு, அந்தக் கெப்பாசிட்டர்கள் சேரும் டிசி பஸ் முனைகளில் வைத்து, 500, 300, 90 என்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பக்கத்தில் நிற்கும் பையன்களுக்கு அது நேர விரயமாகத் தெரிந்தது. இப்போது அவர்களும் நிற்கிறார்கள். ஆன்டெனாவைத் திருப்பிய சர்வோ, அதன் கோணத்தைச் சொன்ன சின்க்ரோ, இங்கே லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் சர்வோவும் என்கோடருமாக இருக்கின்றன. இதையெல்லாம் நேர்முகத் தேர்வில் இந்த மொழியிலேயே சொல்லுங்கள். “ரேடார் டெக்னீஷியன்” என்று எழுதிய என் விண்ணப்பத்தைப் பார்த்து ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் “இங்கே விமானம் எதுவும் இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். “மூன்று ஃபேஸ் மின்வழங்கி, சர்வோ டிரைவ் பழுது கண்டறிதல்” என்று மாற்றி எழுதிய பிறகுதான் அழைப்பு வந்தது.

கப்பலிலிருந்து வருகிறவர்கள் மறக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கப்பலில் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், எந்தக் கம்பியும் எர்த்தோடு கட்டப்பட்டிருக்காது. ஒரு கம்பி கப்பலின் உடலைத் தொட்டாலும் எதுவும் டிரிப் ஆகாது, எச்சரிக்கை விளக்கு எரியும், சாவகாசமாகத் தேடலாம். போர் நேரத்தில் மின்சாரம் நிற்கக் கூடாது என்பதற்காக அப்படி. கரையில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே முழு 230 வோல்ட், பிளக் சாக்கெட் என்றால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒரு கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு உடம்பில் எங்காவது மிச்சம் இருந்தால், அதை சைமன்ஸ் டவுனிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மீட்டரின் மற்ற குணங்களை வேகமாகச் சொல்கிறேன். பாதுகாப்புத் தரம் 1000 வோல்ட் கேட் 3, 600 வோல்ட் கேட் 4, தொழிற்சாலை பேனலுக்குத் தேவையான தகுதி. மின்னோட்டத் துளையில் வயரை வைத்துவிட்டு வோல்ட்டில் போட்டால் கத்தும், அந்தச் சத்தம் என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. மிகக் குறைந்த, மிக அதிக எண்களைப் பதிந்துவைக்கும் மின்-மேக்ஸ் (மினிமம்-மேக்ஸிமம்) நிலை மிக நன்று: எப்போதாவது வந்துபோகும் பழுது என்றால் மீட்டரை மாட்டி பேனல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம், அந்த நிலையில் தானாக அணையாது, திரும்பி வந்து மிகக் குறைந்த எண்ணைப் பார்த்தால் 24 வோல்ட் கட்டுப்பாட்டு மின்சாரம் எவ்வளவுக்கு இறங்கியது என்று தெரியும். பீக் நிலையில் 250 மைக்ரோ நொடி அளவுக்குக் குறுகிய துள்ளலைக்கூடப் பிடிக்கும்.

குறைகள். இதில் குறைந்த மின்தடை நிலை இல்லை. நீளமான கேபிளில் எங்கும் சேராத கம்பி ஒன்று பக்கத்துக் கம்பியிடமிருந்து தூண்டுதல் வாங்கி 70, 80 வோல்ட் காட்டும், உண்மையில் அங்கே ஒன்றும் இருக்காது. அதைப் பிரித்துக்காட்ட ஃப்ளூக் 117 போன்ற மீட்டரில் வழி உண்டு, இதில் இல்லை. இதைவிட விலை கூடின மீட்டரில் அது இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஃபியூஸ் விலை பயமுறுத்துகிறது. 9 வோல்ட் பேட்டரியைச் சின்னக் கதவு வழியே மாற்றலாம், ஃபியூஸுக்கு உடலையே பிரிக்க வேண்டும். அந்த விலையைப் பார்த்து மலிவான கண்ணாடி ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள், 1000 வோல்ட் ஃபியூஸ் இருப்பதே பெரிய ஷார்ட்டில் மீட்டர் கையில் வெடிக்காமல் இருக்கத்தான்.

பழைய மீட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு: வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருப்பது முதலில் வாங்கியவருக்கு மட்டும், இரண்டாவது கைக்கு மாறாது. போலிகளும் உலவுகின்றன. ரசீது கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங் பக்கம் போகிறவர்களுக்கு இன்சுலேஷன் டெஸ்டரும் (கம்பி உறையின் காப்பைச் சோதிப்பது) லூப் டெஸ்டரும்தான் (எர்த் பாதையைச் சோதிப்பது) முதலில் வேண்டும், வீட்டுக்கு இணக்கச் சான்றிதழ் எழுதத் தொழிலாளர் துறையில் பதிவும் வேண்டும். நெட்வொர்க், கணினி என்று போகிறவர்களுக்கு இந்தக் காசு வீண்.

தம்பி, உனக்கு ஒன்று. மீட்டருக்கு முன்னால் டிரேட் டெஸ்ட், அதாவது தொழில் தகுதித் தேர்வு. படையில் நீ முடித்த கோர்ஸ்களின் பெயர் வெளியே யாருக்கும் புரியாது, அந்தத் தேர்வில் தேறினால் கிடைக்கும் ரெட் சீல் சான்றிதழ் புரியும். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் ஏஆர்பிஎல் வழியாகப் போனால் மறுபடி நான்கு வருஷம் அப்ரெண்டிஸாக உட்கார வேண்டியதில்லை, ஆனால் செய்த வேலைக்கெல்லாம் எழுத்துச் சான்று கேட்பார்கள். வேலைப் பதிவேடுகளின் கையெழுத்திட்ட நகலை, கொடுக்கக்கூடியதை மட்டும், சீருடையில் இருக்கும்போதே அதிகாரியிடம் கேட்டு வாங்கு. நான் வெளியே வந்த பிறகு கேட்டேன், எட்டு மாதம் போனது.

போன வருஷம் கம்பெனியே எங்கள் பிரிவுக்கு இரண்டு 87வி வாங்கிவிட்டது, அதனால் என்னுடையது வீட்டில்தான் இருக்கிறது. டெஸ்ட் முடியும் வரை நீ வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போ. உறைக்குள் 440 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று உபரியாக வைத்திருக்கிறேன்.