பிக்கப் வண்டி: இஞ்சின் தங்கம், கூரையில் ஓட்டை

வருடக் கடைசியில் டீலர்கள் விலையைக் குறைக்க ஆரம்பித்ததும் டல்லாஸில் இருக்கும் ஒரு தம்பி, கல்லூரியில் எனக்கு ஜூனியர், வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணா, டொயோட்டா டன்ட்ரா பிக்கப் எடுக்கலாமா, இல்ல உங்க வண்டியையே எடுத்துடட்டுமா? உங்களுது ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுதுன்னு சொன்னீங்களே." பதில் சொல்ல ஆரம்பித்து வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜாகப் போய்விட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். அவன் கேட்ட நேரமும் சரியில்லை. வண்டியை ரிப்பேருக்குக் கொடுத்து, பில் கட்டி, வீட்டுக்கு எடுத்து வந்து, அடுத்த மழையிலேயே பழைய குருடி கதவைத் திறடி ஆன சமயம். அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் வண்டி டெட்ராய்ட் கம்பெனிகள் (ஜிஎம், ஃபோர்டு, ராம்) மூன்றில் ஒன்றினுடையது. அரை டன் (எடை இல்லை, வண்டி ரகத்தின் பேர்), நான்கு கதவு, எட்டு சிலிண்டர் வி8 இஞ்சின். அதற்கு மேல் பேர் சொல்லப் போவதில்லை. டெக்ஸாஸில் இருப்பவர்களுக்கு ஏன் என்று தெரியும், பேரைச் சொன்ன மறுநிமிஷம் பேச்சு வண்டியை விட்டுவிட்டுக் கட்சிச் சண்டையாகிவிடும். இங்கே பல குடும்பங்களில் பிக்கப் வாங்குவது தாத்தா காலத்திலிருந்து ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிற மாதிரி, நிற்பது யார், என்ன செய்தார் என்பதெல்லாம் அப்புறம்தான். தவிர, நான் புலம்பப் போகிற கோளாறு மூன்று கம்பெனி வண்டிகளிலும் உண்டு. யாரும் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். ஒரு லட்சம் மைல் எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஆயில், டயர், பிரேக் பேட், பேட்டரி, இதைத் தவிர இஞ்சின் பக்கம் ஸ்பேனர் போகவில்லை. ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராஃபிக்கில் நின்றாலும் ஏசி சில்லென்று வருகிறது, டெம்பரேச்சர் முள் அசைவதில்லை. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனபோது, எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் தேடிக் கொண்டுவந்ததும், விழுந்த வேலிப் பலகையையெல்லாம் அள்ளிப் போட்டதும் இந்த வண்டிதான். பொங்கல் வந்தால் பேர்லாண்டு மீனாட்சி கோயிலுக்குக் கரும்புக் கட்டும் வாழைமரமும் மடக்கு மேஜையும் இதன் பெட்டில்தான், அதாவது பின்பக்கத் திறந்த தொட்டியில்தான் போகும். பிக்கப் வைத்திருப்பவன் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் இலவச லாரி என்பது எழுதாத சட்டம். "அண்ணா, சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று யாராவது கேட்டால் அது என் நலம் விசாரிக்க இல்லை, சோபா தூக்க.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை பெய்தால் வண்டிக்குள் ஒழுகுகிறது.

கதவு வழியாக இல்லை, ஜன்னலைத் திறந்துவைத்தும் இல்லை. கேபின் கூரையின் பின்விளிம்பில் நடுவாக மூன்றாவது பிரேக் லைட் ஒன்று இருக்கும், பெட்டில் சாமான் ஏற்றும்போது வெளிச்சம் கொடுக்கிற சின்ன பல்பும் அதற்குள்ளேயே. அதைப் பொருத்தக் கூரைத் தகட்டில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டைக்கும் லைட்டுக்கும் நடுவே தண்ணீர் வராமல் தடுப்பது ஒரு ஸ்பாஞ்ச் பட்டை, அவ்வளவுதான். டெக்ஸாஸ் வெயிலில் நாலைந்து கோடை கிடந்தால் ஸ்பாஞ்ச் என்ன ஆகும்? அமுங்கிப் போகும், ஓரத்தில் வெடிக்கும். ஹூஸ்டன் மழை சாதாரண மழையும் இல்லை, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கிளம்பி வந்து கால் மணி நேரத்தில் ரோட்டைக் குளமாக்கிவிட்டுப் போகிற மழை. தண்ணீர் அந்த விளிம்பில் இறங்கி, கூரைத் துணிக்கு மேலே பரவி, பின்சுவர் வழியாக வழிந்து, பின்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டில் போய்ச் சேரும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் கொடுமை. மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. "என்னங்க, ஊறவச்ச துணி எதையாவது வண்டிக்குள்ள விட்டுட்டீங்களா?" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துப் பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

டீலரிடம் கொண்டுபோனேன். அவர்கள் கண்டுபிடிப்பதற்கே தனிக் காசு. ஷவர் டெஸ்ட் செய்தோம், லைட்டை மாற்றினோம், சரியாகிவிட்டது என்றார்கள். அடுத்த பெருமழையில் மறுபடி அதே வாசனை. திரும்பப் போனால், பின்கண்ணாடி நகரும் மாடல் இல்லையா, அதன் பிளாஸ்டிக் ஃபிரேம் மூலையில் விரிசல் இருக்கலாம், கண்ணாடியோடு மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தக் காசுக்குப் பழைய கார் ஒன்றே வாங்கலாம். வாரண்டி எப்போதோ முடிந்த கதை. கவுன்டரில் இருந்த பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: எல்லா டிரக்கும் இப்படித்தான் சார். அந்த வார்த்தைதான் இன்னும் எரிகிறது. எல்லா டிரக்கும் இப்படித்தான் என்று தெரிந்தால் ஸ்பாஞ்சுக்குப் பதிலாக ஒரு நல்ல ரப்பர் வைக்க எவ்வளவு ஆகும்? எட்டாயிரம் பவுண்டு டிரெய்லரை மேட்டில் மூச்சுவிடாமல் இழுக்கிற வண்டியைச் செய்யத் தெரிந்தவனுக்குக் கூரை வழியாகத் தண்ணீர் இறங்காமல் பண்ணத் தெரியாதா?

கடைசியில் நானே கழற்றினேன். இரண்டே ஸ்க்ரூ. லைட்டை இழுத்தால் உள்ளே ஒயர் கிளிப்போடு கையில் வந்துவிடுகிறது. டீலர் மாற்றியதாகச் சொன்ன லைட் புதுசுதான், பொய் இல்லை. ஆனால் பழைய ஸ்பாஞ்சின் மிச்சம் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, கறுப்பாக, சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது, கீழ்விளிம்பு நெடுகப் பாசி. அதை எடுக்காமல் அதன் மேலேயே புது லைட்டை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் புது ஸ்பாஞ்ச் எப்படிப் பிடிக்கும்? சுத்தமாகத் துடைத்து, பியூட்டைல் டேப் (பசைபோல ஒட்டும் ரப்பர் பட்டை) சுற்றி மூடி, பையனை டார்ச்சோடு பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு வெளியே தோட்டத்துக் குழாயைப் பிடித்தேன். லைட் பக்கம் சொட்டுகூட இல்லை. அப்பாடா என்று குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கினால் உள்ளிருந்து குரல்: "அப்பா, இங்க வருது!" கண்ணாடி ஃபிரேம் மூலை. ஆக டீலர் சொன்னதும் உண்மை, நான் கண்டதும் உண்மை, இரண்டு இடத்திலும் ஒழுகுகிறது. அந்த மூலைக்கு இப்போது சிலிகான் பூசி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது வருண பகவானுக்கே வெளிச்சம்.

இந்தக் கடுப்பில் தம்பியிடம் "பேசாம டொயோட்டா எடுத்துடு" என்று சொல்லியிருப்பேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும், ஹைலக்ஸ் எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். அந்த டொயோட்டா பிக்கப் இங்கே விற்பனையில் இல்லை. ஐரோப்பாக்காரர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1964-இல் வந்த 25 சதவீத இறக்குமதி வரி டிரக்குகளுக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. டொயோட்டா அதனால்தான் டன்ட்ராவை இங்கேயே, சான் அன்டோனியோவில் செய்கிறது. எங்கள் தெருவில் "அமெரிக்க வண்டிதான் ஓட்டுவேன்" என்று மார் தட்டுகிற ஒருவருடைய சில்வராடோ, ஜிஎம் கம்பெனி பிக்கப், மெக்சிகோவில் சிலாவோ ஆலையில் செய்தது. இதை அவரிடம் சொல்லிப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை.

டன்ட்ராவின் பெயர் சும்மா வந்ததில்லை. லூசியானாவில் ஒருவர் 2007 மாடலைப் பத்து லட்சம் மைல் ஓட்டி, 2016-இல் டொயோட்டாவே அந்த வண்டியை வாங்கிக்கொண்டு புதுசு ஒன்றைக் கொடுத்தது. ஆனால் அது பழைய வி8. 2022-இல் வந்த புது டன்ட்ராவில் ட்வின் டர்போ வி6, அதில் ஆலையில் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டது என்று 2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ரீகால் செய்து, இஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தது பெருந்தன்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "டொயோட்டான்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்கிற பேச்சை இனி கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு பேச வேண்டும்.

மற்றவர்களும் உத்தமர்கள் இல்லை. ஜிஎம் 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8-க்காக அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகளை அழைத்தது. கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் கோளாறு. சோதனையில் தேறிய வண்டிக்கு என்ன வைத்தியம் என்றால், கெட்டியான ஆயில், புது ஃபில்டர், ஆயில் கிரேடு எழுதிய புது மூடி. ஃபோர்டு அதே வருடம் பாதி தாண்டுவதற்குள்ளேயே ஒரு முழு ஆண்டுக்கான ரீகால் எண்ணிக்கைச் சாதனையை முறியடித்துவிட்டது, ஆனாலும் அவர்களுடைய எஃப் சீரிஸ் பிக்கப் விற்பனையில் 1977-இலிருந்து முதலிடத்தை விடவில்லை. ராம் கதை இன்னும் ருசி. 2025 ராம் 1500-இல் ஹெமி என்கிற வி8 இஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிட அதிக சக்தியுள்ள ஆறு சிலிண்டர் டர்போவை வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்துப் போய்விட்டார்கள். லிஃப்டர் (இஞ்சின் வால்வைத் தூக்கும் பாகம்) தட்டும், எக்ஸாஸ்ட் போல்ட் உடையும் என்று ஊருக்கே தெரிந்த அதே ஹெமி வேண்டும் என்று அடம். 2026 மாடலில் திருப்பிக் கொண்டுவந்தார்கள், அதுவும் பக்கவாட்டில் எதிர்ப்புச் சின்னம் என்று ஒரு பேட்ஜோடு. கோளாறு தெரிந்த இஞ்சினுக்காகப் போராட்டம் நடத்தி ஜெயித்தவர்களை வேறெங்கே பார்க்க முடியும்?

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசும்வரை. ரிஃபைனரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், அப்பா காலத்திலிருந்து நான் வைத்திருக்கும் அதே கம்பெனிதான். அவர் வண்டியில் லிஃப்டர் போய்விட்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, சும்மா ஓடும்போது பாதி சிலிண்டரை அணைத்துவைக்கிற ஏற்பாடு இந்த வி8-களில் உண்டு, அதற்கென்று உள்ளே பூட்டித் திறக்கிற தனி லிஃப்டர். அது ஒன்று சிக்கிக்கொண்டால் கேம் ஷாஃப்டையும் அரைத்துவிடும். இஞ்சினைப் பிரித்தார்கள், பெரிய பில். மனுஷன் அசரவில்லை, அந்த வண்டியைத் தள்ளிவிட்டு அதே கம்பெனியில் புதுசு எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "வேற கம்பெனி வண்டில என்ன உடையும்னு கத்துக்கவே பத்து வருஷம் ஆகும். எனக்கு அவ்வளவு நேரம் இல்ல" என்றார். இப்போது சிலிண்டர் அணையாமல் தடுக்கிற சின்னக் கருவி ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே சொருகிவைத்திருக்கிறார். பார்ட்ஸ் கவுன்டரில் இருப்பவர் இருபது வருடப் பழக்கம், பார்ட் நம்பரைக்கூடச் சொல்ல வேண்டாம், சத்தத்தை வாயால் செய்து காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவார். இதற்கு என்னால் எதிர்வாதம் எதுவும் சொல்ல முடியவில்லை. நானும் இந்தக் கூரையைப் பற்றிக் கற்றுக்கொண்டதை இன்னொரு கம்பெனிக்காரனிடம் போய் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டுமா என்று யோசிக்கும்போது கால் தானாகவே பழைய டீலர் பக்கம்தான் திரும்புகிறது, அந்தப் பையன் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும்.

ஆகவே தம்பி, என் வண்டி தொந்தரவில்லாத வண்டிதான், இஞ்சினையும் கியரையும் நான் இன்னும் ஒரு லட்சம் மைலுக்கு நம்புவேன், ஆனால் நீ இதை வாங்காதே. டன்ட்ராவும் இப்போதைக்கு வேண்டாம். நீ ஐடி ஆபீஸுக்குப் போய்வருகிறவன், வருடத்தில் ஒருநாள் ஐகியாவிலிருந்து கட்டில் எடுக்க 60,000 டாலர் வண்டி எதற்கு? ஹோம் டிப்போவில் மணிக் கணக்கில் பிக்கப் வாடகைக்குத் தருகிறார்கள். இல்லை அண்ணா, ஆசையாக இருக்கிறது என்றால் எந்தக் கம்பெனியானாலும் பின்கண்ணாடி நகராத மாடலாகப் பார். பழைய வண்டி எடுப்பதாக இருந்தால் இஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் பின்சீட்டைத் தூக்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவு. ஈரமாக இருந்தால் அதற்காகவே விலையில் ஆயிரம் டாலர் குறைத்துக் கேள், பியூட்டைல் டேப் நான் தருகிறேன்.