பவர் விண்டோ மின்சுற்றுப் பழுது: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பத்து ஆண்டுகளைக் கடந்த என் ஹேட்ச்பேக் காரில், இடப்பக்க முன்கதவின் ஸ்விட்ச்சை அழுத்தினால் கண்ணாடி இறங்கும், ஏறாது. எல்லாக் கதவுகளின் கண்ணாடிகளையும் இயக்கும் ஓட்டுநர் பக்க மாஸ்டர் ஸ்விட்ச்சுக்கோ இரண்டுமே நடக்காது. மோட்டாரை மாற்றிவிடலாம் என்றார்கள் பணிமனையில். கனெக்டரைக் கழற்றி, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், தயங்காமல் ஏறியது.

இத்தகைய பழைய வகைச் சுற்றில் மோட்டாருக்குப் போகும் வயர்கள் இரண்டே. எது பாசிட்டிவ், எது எர்த் (மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி) என்பதை ஸ்விட்ச்தான் மாற்றிக் கொடுக்கிறது. அழுத்தாதபோது இரண்டும் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாக எர்த்தில் நிற்கும். ஆகவே மாஸ்டர் ஸ்விட்ச்சிலிருந்து வரும் 'இறக்க' வயர் அறுந்தால், அங்கிருந்து இரண்டு வேலையும் நின்றுபோகும். கதவு ஸ்விட்ச் தனக்கு வரும் தனி மின்சாரத்தால் கண்ணாடியை இறக்கிவிடும், ஏற்றும்போது மட்டும் அதற்கு எர்த் கிடைக்காது. என் காரின் அறிகுறி அப்படியே இதுதான்.

ஆயினும் மாஸ்டர் ஸ்விட்ச்சில் 'இறக்க' அழுத்தியபோது மல்டிமீட்டர் அந்த வயரில் 12 வோல்ட் காட்டியது. மோட்டார், பல்பு போன்ற சுமையில்லாத அளவீட்டை நம்பக்கூடாது என்பது இங்கேதான் விளங்குகிறது: வயரின் ஓரிரு செம்பிழைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலே மீட்டர் நிறைவடைந்துவிடும், மோட்டார் நிறைவடையாது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே இடத்தில் இணைத்ததும் பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததே தவிர ஒளிரவில்லை; கதவைப் பாதி திறந்து அசைத்தபோது ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தது. கீல் அருகேயுள்ள ரப்பர் குழாயை உருவிப் பார்த்தால், காப்புறை முழுதாக இருக்க, உள்ளே செம்பிழைகள் பச்சை பூத்து முறிந்திருந்தன.

முறிந்த இடத்தில் ஒட்டுப்போடாமல், மெல்லிய பல இழைகள் கொண்ட வயரை நீளமாகச் சேர்த்து, சாலிடர் இணைப்புகளை வளைவுக்கு வெளியே தள்ளி வைத்தேன். வளைவிலேயே சாலிடர் இட்டால் விறைத்து அதன் ஓரத்தில் மீண்டும் முறியும். சில மழைக்காலங்களுக்குப் பிறகும் அந்தக் கதவில் தொல்லை இல்லை. கண்ணாடி மெதுவாக ஏறுவது மட்டும் தொடர்ந்தது. அது மின்சாரக் குறையன்று, காய்ந்த ரப்பர் தடத்தின் உராய்வு. சிலிக்கான் ஸ்ப்ரே அடித்ததும் சரியாயிற்று. மிகுதியாகத் திறந்து மூடப்படும் ஓட்டுநர் கதவின் வயர்களையும் பார்த்தபோது, அங்கே காப்புறைகளே வெடிக்கத் தொடங்கியிருந்தன, அவற்றையும் மாற்றினேன்.