23 சதவீதத்தில் அணைந்த போன்: ஆண்ட்ராய்டு 14 போட்டு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

போன வாரம் பெரம்பலூரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் போனை நீட்டினார். நான் நான்கு வருடமாக வைத்திருக்கும் அதே மாடல். அவர் யாரிடமிருந்தோ பழையதாக வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, ஆண்ட்ராய்டு 14 போடு போடுன்னு தினமும் கேட்டுக்கிட்டே இருக்கு. போட்டா பேட்டரி போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க போட்டுட்டீங்கல்ல, எப்படி இருக்கு?"

"இப்ப போடாத, சொல்றேன்" என்றேன். டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மெடிக்கல் ரெப். காலை எட்டு மணிக்கு உறையூரில் வண்டியை எடுத்தால் லால்குடி, முசிறி, துறையூர், அரியலூர் என்று சுற்றிவிட்டு வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகும். ஒவ்வொரு டாக்டரைப் பார்த்ததும் டிசிஆர் (தினசரி விசிட் அறிக்கை) செயலியில் பதிவு போட வேண்டும். அந்தச் செயலிக்கு இருப்பிடம் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த விசிட் கணக்கில் வராது. ஸ்டாக்கிஸ்ட்டின் பில்லைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். டீ, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் யுபிஐயில்தான். எனக்கு கேமரா சுமாராக இருந்தால் போதும். பேட்டரி மாலை வரைக்கும் நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அதனாலேயே ஒரு பழக்கம். டூர் டைரியின் ஓரத்தில் காலை கிளம்பும்போது, மதியம் சாப்பிடும்போது, வீடு வந்ததும் எத்தனை சதவீதம் என்று குறித்து வைப்பேன். இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் அந்த டைரியில் இருப்பவை.

2021 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 11 உடன் வாங்கினேன். 5000 எம்ஏஎச் பேட்டரி. 12 வந்தது, 13 வந்தது, இரண்டிலும் பேட்டரி பெரிதாக மாறவில்லை. 13 இருந்த கடைசி மாதத்தில், காலை 100 வைத்துக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்கு 34 அல்லது 35 இருக்கும்.

2024 மார்ச்சில் ஒரு ஞாயிறு இரவு 14 போட்டேன். மறுநாள் மாலை நான்கு மணிக்கே 15 சதவீதம். போன் சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதே சூடாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் பவர் பேங்க் இல்லாமல் கிளம்பவில்லை.

இந்த முதல் வாரத்தை வைத்துத்தான் ஊரெல்லாம் "அப்டேட் போட்டேன், பேட்டரி போச்சு" என்று பேசுகிறார்கள். நானும் பேசினேன். ஆனால் அது நியாயம் இல்லை. புது ஆண்ட்ராய்டு ஏறியதும் போனில் உள்ள செயலிகளை எல்லாம் அதற்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்கிறது. பிளே ஸ்டோர் ஒரு பக்கம் செயலிகளைப் புதுப்பிக்கிறது. கேலரி ஒரு பக்கம் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வகைப்படுத்துகிறது. இதெல்லாம் சார்ஜில் போட்டு, யாரும் தொடாத நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள். என்னைப் போல நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்த வேலை முடியவே நாலைந்து நாள் ஆகிவிடும். வீடு மாறிய வாரத்தில் வரும் கரண்ட் பில்லை வைத்துப் புது வீட்டைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் இரண்டு விஷயங்களை நானே தேடிக் கண்டுபிடித்தேன். முதலாவது 5ஜி. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, பல போன்களில் கம்பெனி அப்டேட் கொடுத்த பிறகுதான் அது வேலை செய்தது. என் போனிலும் அப்படித்தான் வந்தது. எங்கள் பக்கம் கிராமத்துச் சாலைகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால் அதை அணைத்து 4ஜி மட்டும் வைத்திருந்தேன். 14 ஏறியதும் அது தானாகவே 5ஜிக்குத் திரும்பியிருந்தது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரைந்திருக்கிறது. இரண்டாவது, டிசிஆர் செயலி திறக்காதபோது பின்னால் ஓடாதபடி நான் போட்டிருந்த கட்டுப்பாடு அழிந்து போயிருந்தது. இரண்டையும் சரி செய்தேன். மூன்றாவது வாரம் இரவு ஏழு மணிக்கு 19 இருந்தது.

34 எங்கே, 19 எங்கே. சரி, புது ஆண்ட்ராய்டு கொஞ்சம் அதிகம் தின்கிறது என்று முடிவு கட்டினேன்.

மே மாதம் இரண்டாவது வாரம், துறையூரிலிருந்து திரும்புகிறேன். புலிவலம் தாண்டி ஒரு பங்க்கில் முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். போனில் 23 சதவீதம். க்யூஆர் ஸ்கேன் செய்யக் கேமரா திறந்தது. திரை கறுத்தது. அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் கம்பெனி பெயர் ஒரு நொடி வந்து மறுபடி அணைகிறது. பர்ஸில் நாற்பது ரூபாய். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. பங்க்கில் வேலை பார்க்கும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், வண்டிய ஓரமா விடுங்க. உள்ள சார்ஜர் கிடக்கு, போட்டு ஆன் பண்ணிட்டுக் குடுங்க" என்றார். சார்ஜரில் போட்டதும் போன் எழுந்து 21 சதவீதம் என்று காட்டியது. அதுவரை 21 சதவீதமும் உள்ளேதான் இருந்திருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை இப்படி ஆனது. இரண்டும் கேமரா திறக்கும்போது.

இதற்குக் காரணம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் படித்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும், ஆனால் குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் சுமாராக வரும். இரண்டைச் சேர்த்துத் திறந்தால் இரண்டிலும் சொட்டும். லித்தியம் அயான் பேட்டரியும் வயதானால் இதே கதைதான். கொள்ளளவு குறைவது ஒரு பக்கம், உள்ளே மின்தடை ஏறுவது இன்னொரு பக்கம். மெதுவாக எடுத்தால் கொடுக்கும். கேமரா, திரை வெளிச்சம், இண்டர்நெட் எல்லாம் ஒரே நொடியில் இழுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சதவீத எண் சொல்கிறது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதே பிரச்சினை ஐபோன் 6, 6எஸ் மாடல்களில் வந்தது. அதைத் தடுக்க 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஆப்பிள் ஒரு வழி செய்தது. பேட்டரி வயதாகிவிட்டால் போன் திடீரென்று அதிகம் இழுக்காதபடி வேகத்தைக் குறைத்தது. பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல யோசனை என்றே நான் நினைக்கிறேன். பங்க்கில் நின்ற எனக்கு மெதுவாகத் திறக்கும் கேமரா கிடைத்திருந்தால் போதும். ஆனால் வேகத்தைக் குறைத்திருக்கிறோம், பேட்டரியை மாற்றினால் சரியாகும் என்று வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ஆண்டுக் கடைசியில் விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அதற்கு முன்னால் எத்தனை பேர் நல்ல போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருப்பார்கள்? 2018இல் இத்தாலியில் ஆப்பிள், சாம்சங் இரண்டுக்குமே இந்த மாதிரி அப்டேட் விவகாரத்தில் அபராதம் விழுந்தது. 2020இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ போட்டது. பிரான்ஸ் சொன்ன குற்றம் அப்டேட் கொடுத்தது கிடையாது, அப்டேட் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டது. இதைப் படித்தபோது யாரோ என் கோபத்தை எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கூகிள் 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு அனுப்பிய அப்டேட் இன்னும் ஒரு படி மேல். சில போன்களில் பேட்டரியின் பயன்படும் அளவையே அது குறைத்தது. ஆனால் அதை அறிவித்துச் செய்தார்கள். இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருகிறோம், அல்லது பணம் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அந்தப் போன் வைத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்திருக்கும்தான், ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தது.

என் கதைக்கு வருகிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் போனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சாஃப்ட்வேர் இஷ்யூ சார்" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வங்கிச் செயலிகளை மறுபடி பதிவு செய்தேன். மூன்றாம் நாள் லால்குடியில் போன் மறுபடி அணைந்தது. பேட்டரி நிலையைக் காட்டும் ஒரு செயலி போட்டுப் பார்த்தேன். ஹெல்த்: குட். இந்த 'குட்'டைத்தான் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, ஒரேயடியாகச் செத்துவிடவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் 'குட்' என்றே வரும். வயதைப் பற்றிய கணக்கு அதில் கிடையாது. கிழவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உயிர் இருக்கிறது, நன்றாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி.

ஜூன் மாதம் திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைச் சூட்டுத் தட்டில் பத்து நிமிடம் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துப் பின்மூடியைக் கழற்றினார். பேட்டரியை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்து ஒரு விரலால் சுண்டினார். பம்பரம் மாதிரி நாலு சுற்றுச் சுற்றி நின்றது. "தட்டையா இருந்தா சுத்தாதுண்ணே. நடுவுல ஊதிருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "வண்டியில மாட்டி சார்ஜ் போட்டுக்கிட்டே போவீங்களா?"

ஆமாம். மூன்று வெயில் காலம் அப்படித்தான் போயிருக்கிறேன். ஹேண்டில்பாரில் போன், நேர் வெயில், மேப், அதோடு யூஎஸ்பி சார்ஜ். சூட்டில் நூறு சதவீதம் ஏற்றி வைப்பது லித்தியம் பேட்டரிக்கு ரொம்பக் கெடுதல். வெப்பம் அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது என்று போன் எத்தனையோ முறை காட்டியது. நான் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது, 14 வந்த நேரமும் வெயில் ஏறிய நேரமும் ஒன்றாக அமைந்தன. பழி அப்டேட் மேல் விழுந்தது.

புதுப் பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. அந்த வாரமே டைரியில் இரவு ஏழு மணிக்கு 46. போன் வாங்கிய புதிதில்கூட 43தான் எழுதியிருக்கிறேன்.

இதுதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். இரவு பதினொன்றுக்கு 60 வைத்துப் படுத்தால் காலை ஆறுக்கு 57, 58. ஆண்ட்ராய்டு 11 இருந்தபோது ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு சதவீதம் கரையும். சும்மா கிடக்கும் போனைத் தூங்க வைக்கும் டோஸ் (Doze) என்ற வசதி 2015இல் ஆண்ட்ராய்டு 6 உடன் வந்தது. அதிகம் திறக்காத செயலிகளை ஒதுக்கி வைப்பது 2018இல் 9 உடன் வந்தது. 14இல் பின்னால் கிடக்கும் செயலிகளைச் சீக்கிரமே உறைய வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் யாரோ இதற்காக உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். நல்ல பேட்டரி போட்டதும் அந்த உழைப்பு என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றரை வருடமாக ஒருமுறைகூட அணையவில்லை. இப்போது வண்டியில் போகும்போது சார்ஜ் போடுவதில்லை. வீட்டில் 80, 85 வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

அப்படியென்றால் தம்பியிடம் ஏன் போடாதே என்றேன்?

அவர் போன் பழையது வாங்கியது. அதன் பேட்டரி எத்தனை வெயில் பார்த்தது என்று அவருக்குத் தெரியாது, போனும் சொல்லாது. போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் 13க்குத் திரும்ப சாதாரணமாக வழி கிடையாது. அந்த அப்டேட்டோடு வந்த குறிப்பை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 'கணினி நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது, சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' இவ்வளவுதான். பேட்டரி பழையதாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவு? ஐபோனில் 2018இலிருந்து பேட்டரி எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நமக்கு 'குட்'.

அப்டேட்டே போடாமல் இருக்கவும் முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. பணம் அனுப்பும் போனை ஓட்டையோடு வைத்திருக்கக் கூடாது. 14 நல்ல பதிப்பு என்று எழுதிவிட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தக் கம்பெனிப் போனை அடுத்து நான் வாங்க மாட்டேன்.

தம்பியை வரும் சனிக்கிழமை சிங்காரத்தோப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கண்ணாடி மேல் வைத்துச் சுண்டிப் பார்க்கப் போகிறோம். சுற்றாமல் நின்றால், அன்றைக்கு ராத்திரியே அப்டேட் போட்டுக்கொள்ளலாம்.