இலை உதிரும் மாதம்தான் கணக்கு: சுபாபுல், காவோ, வால்நட்

வயலுக்குள் மரம் வைக்கலாமா என்று மானாவாரி உழவரிடம் கேட்டால், "நிழல் கட்டும், வேர் சத்தை இழுக்கும்" என்பார். இரண்டும் நியாயமான பயம். பயிரோடு மரத்தைச் சேர்த்து வளர்க்கும் வேளாண் காட்டு முறையில் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியவைதான். அவற்றில் மூன்று ஏற்பாடுகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை, ஒன்று மிதவெப்ப நாட்டினுடையது.

முதலாவது சுபாபுல், நம் ஊரில் சவுண்டல். நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் 1970களின் பிற்பாதியில் இதை ஏறத்தாழ 4 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டு, நடுவே மக்காச்சோளம் விதைத்தார்கள். விதைக்கும் முன் மரத்தை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தழையை மண்ணில் பரப்ப வேண்டும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் மரம் என்பதால் அந்தத் தழையே உரமாகிறது. மழை நன்றாகப் பெய்யும் இபாதானில் இது சோபித்தது. உலகெங்கும் இதையே பரிந்துரைக்கத் தொடங்கினார்கள்.

ஹைதராபாத் அருகே, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட்டின் பண்ணையில் கதை மாறியது. அங்கே மழை குறைவு. வரிசையை ஒட்டிய பயிர் வாடியது. மரத்துக்கும் பயிருக்கும் நடுவே நிலத்துக்குள் ஒரு தடுப்பை இறக்கி, வேர் பக்கவாட்டில் ஓடாமல் செய்தார்கள். பயிர் தேறிவிட்டது. நிழலைவிட நீர்ப் போட்டிதான் பெரிய சிக்கல் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறு இல்லை என்பேன். சுபாபுல் ஆண்டு முழுவதும் விழித்திருக்கும் மரம். பயிர் குடிக்கும் நேரத்தில் அதுவும் குடிக்கும். அதை அடக்க ஒரே வழி அரிவாள்தான். அதுவும் பருவத்துக்குப் பலமுறை, விதைப்பும் களையெடுப்பும் ஆளை விழுங்கும் அதே வாரங்களில். உழவர்கள் இதை ஏற்காமல் போனதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம். கூலிக் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

காவோவின் குணம் இதற்கு நேர் எதிர். ஹவுசா மொழியில் காவோ என்றும் தாவரவியலில் ஃபைதெர்பியா ஆல்பிடா என்றும் பெயர் கொண்ட இந்த மரம், சஹாராவுக்குத் தெற்கே கம்பு வயல்களில் நிற்கிறது. முதல் மழை விழுந்து மற்ற மரங்கள் துளிர்க்கும் நேரத்தில் இது இலையை உதிர்த்துவிடும். அடியில் முளைத்த கம்புக்கு முழு வெயிலும் கிடைக்கும், உதிர்ந்த இலை எருவாகும். மழை முடிந்து தாள் காய்ந்து நிலமே வெளுத்துக் கிடக்கும் மாதங்களில் இது மட்டும் பச்சையாக நிற்கும். ஆழத்துக்குப் போன ஆணிவேர் கீழேயிருந்து நீர் தருகிறது. வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கும் ஆடுமாடுகள், மாங்காய் வற்றல்போல் சுருண்டு விழும் ஆரஞ்சு நிறக் காய்களைத் தின்றுவிட்டுச் சாணத்தையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகும்.

நைஜரின் மராடிப் பகுதியில் 1983 முதல் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ பரப்பிய முறைக்கு நாற்றங்காலே தேவைப்படவில்லை. வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் வயலுக்குள்ளேயே இருந்தன. அவற்றின் துளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தால் போதும். இப்படிக் காவோவும் வேறு பல மரங்களும் எழுந்து, 20 ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மரம் கண்டது. மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை அதைக் காப்பாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. தன் மரம் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் வந்தது.

மூன்றாவது வால்நட். பிரான்சில் மோன்பெலியே அருகே ரெஸ்டின்கிளியேரில் 1995இல் கலப்பின வால்நட்டை 13 மீட்டர் இடைவெளி வரிசைகளில் நட்டு, நடுவே கோதுமை விதைத்தார்கள். அந்த அட்சரேகையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் சுமார் 23 பாகை உயரத்தில்தான் நிற்கும்; 10 மீட்டர் மரத்தின் நிழல் 20 மீட்டரைத் தாண்டி விழும். மரம் இலையோடு நின்றால் கோதுமை தொலைந்தது. ஆனால் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை குளிர்காலம் முழுக்க மொட்டை மரங்களுக்கு நடுவே வளர்கிறது. வால்நட் தாமதமாகத்தான் துளிர்க்கிறது. அதற்குள் பயிர் வேண்டிய வெளிச்சத்தில் பெரும்பங்கை வாங்கிவிடும். கோதுமை வேர் மேல்மண்ணை முன்பே உலர்த்திவிடுவதால் வால்நட் வேரும் ஆழத்துக்கு இறங்குகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘சேஃப்’ ஆய்வுத் திட்டத்தில், கலந்து வளர்த்த 100 ஹெக்டேரின் விளைச்சலைத் தனித்தனியாக எடுக்கச் சில இடங்களில் 140 ஹெக்டேர் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். மரம் பெரிதாகப் பெரிதாகக் கோதுமை மகசூல் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரக்காசு கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். சொந்த நிலமும் பொறுமையும் உள்ளவருக்கு ஏற்றது, குத்தகைக்காரருக்கு உதவாது.

மூன்றில் என் ஓட்டு காவோவுக்கு. தட்பவெப்பத்தில் இவ்வளவு தள்ளியிருக்கும் காவோவும் வால்நட்டும் ஒரே காரணத்தால்தான் நிற்கின்றன: பயிர் விழித்திருக்கும்போது இவை தூங்குகின்றன. நல்ல மழையும் ஆள் வசதியும் இருந்தால் சுபாபுல் தவறில்லை. வறண்ட நிலத்தில் வரிசையாக நடுவதற்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ராஜஸ்தான் உழவர் கம்பு வயலில் நிறுத்தியிருக்கும் வன்னியையும் இங்கே சொல்ல வேண்டும். மழைப்பயிர் அறுத்தபின் குளிர்காலத்தில் கிளை கழித்துத் தீவனமாக்குகிறார்கள். நம் சிவன் கோயில்களில் நிற்கும் அதே வன்னிதான். சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் வரப்பு வேம்போ மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்த்து, ஐப்பசி மழையில் முழு இலையோடு நிற்கிறது. புரட்டாசி விதைப்புக்கு முன் பயிர்ப் பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும், பயிருக்கு வெளிச்சமும் கிடைக்கும்.