மினி டிராக்டரில் டாப் (மேற்கூரை), சீட் மாற்றப் போகிறீர்களா? நான் 42,000 கொடுத்து வாங்கிய வினையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

பூம்பாறைப் பக்கம் அடுக்கடுக்காக வெட்டிய காட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன் நான். 24 எச்பி மினி டிராக்டர், வாங்கி நாலு வருடம் ஆகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்பெனி சீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டினால் ராத்திரி புரண்டு படுக்க முடியாது, அப்புறம் இந்த ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம், ஐப்பசி முழுக்க யூரியா சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டியவன்தான்.

சின்ன வேலைகளை நானே செய்து வைத்திருந்தேன். காலைக் குளிரில் ஹைட்ராலிக் லீவரைத் தொட்டால் கை விறைத்துவிடும், அதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினேன். மட்கார்டு ஓரமாக ஒரு பிவிசி பைப்பைக் கிளாம்ப் போட்டுக் கட்டி மண்வெட்டியையும் கடப்பாரையையும் அதில் சொருகிக்கொள்வேன். எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதோடு நின்றிருக்கலாம்.

போன வருடம் வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டுபோனபோது கீழே ஒரு பட்டறைக்காரர் பழக்கமானார். பெயரும் ஊரும் போடவில்லை, பஞ்சாயத்து வேண்டாம். “டாப்பு, வேன் சீட்டு, பின்னாடி பொட்டி, நாலு லைட்டு, மொத்தம் நாப்பத்திரண்டு. மலைக்குன்னா வீலை அகலப்படுத்தித் தர்றேண்ணே, சாயவே சாயாது” என்றார். நான் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தையில்தான். சரிவில் ஓட்டுகிறவனுக்கு வீல் அகலம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும், இவருக்கும் அது தெரிந்திருக்கிறதே என்று நம்பிவிட்டேன். நாலு நாள் என்றது மூன்று வாரம் ஆனது. பிக்கப்பில் இறக்கி ஏற்றிய வாடகை தனி. வந்து நின்றபோது பார்க்கக் கல்யாண வண்டி மாதிரித்தான் இருந்தது.

முதலில் லைட். பனி இறங்கிய ஒரு சாயங்காலம் நாலையும் போட்டேன், பத்து நிமிடத்தில் ரப்பர் கருகும் வாடை. 55 வாட் பல்பு நாலு, 220 வாட், 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் இழுக்கும். அதற்கு வீட்டு பெல்லுக்குப் போடுவது போல ஒரு நூல் ஒயர், பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. அது டீசல் பைப்போடு சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்தது! அன்றே பிடுங்கி எறிந்தேன்.

சீட் மெத்தென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பழையதைவிட ஐந்து அங்குலம் உயரம், பிரேக்குக்கு என் கால் நுனிதான் எட்டியது.

எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது வீலை நினைத்தால். இந்த வண்டியில் வீலின் வெளி வளையமான ரிம்மையும் நடுத் தட்டான டிஸ்க்கையும் திருப்பி மாட்டியே அகலத்தைக் கூட்டலாம், கூட வரும் புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. அவர் அதைச் செய்யாமல் லேத்தில் கடைந்த இரும்பு வட்டை ஒன்றை வீலுக்கும் அச்சுக்கும் நடுவில் கொடுத்து நீள போல்ட் போட்டு முறுக்கிவிட்டார். ஒன்பதாம் நாள், பொட்டியில் ஆறு மூட்டையோடு மேல் அடுக்கிலிருந்து இறங்குகிறேன், இடது பக்கம் டக், டக் என்று சத்தம். டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்து இறங்கிப் பார்த்தால் ஒரு போல்ட்டைக் காணவே காணோம், இன்னொன்று விரலால் இழுத்ததும் பாதியாகக் கையோடு வந்தது. உடைந்த முகத்தில் ஒரு பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மறுபாதி புதுக் காசு போலப் பளபளத்தது. அதாவது பல நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பெனி போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்கும். இதன் தலை மொட்டை.

ஷோரூம் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வீலைவிட ரோல் பாரைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கவிழ்ந்தால் நம்மை நசுங்காமல் காப்பது சீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த இரும்பு வளைவுதான். அதிலேயே அரை அங்குல ஓட்டை இரண்டு போட்டு, டாப்புக்கான ஆங்கிளை வெல்டிங்கும் செய்திருந்தார்கள். அந்த வளைவை முழுசாக வைத்துச் சோதித்துத்தான் கம்பெனி அனுப்புகிறது, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மையே மாறிவிடும், அப்புறம் எந்த இடத்தில் மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. “இதைத் திருப்பிச் சரி பண்ண முடியாதுங்க, மாத்தணும்” என்றார். புது பாருக்கு 16,500. இதில் இன்னொரு கூத்து, வேன் சீட்டுக்கு இடைஞ்சல் என்று சீட் பெல்ட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் பாரும் பெல்ட்டும் ஜோடி. பார் இருந்தால் பெல்ட் போட வேண்டும், பார் இல்லாமலோ மடக்கி வைத்தோ ஓட்டும்போது போடக் கூடாது.

பொட்டியிலும் கணக்குப் பார்க்கவில்லை. வண்டி எடையில் 20 சதவீதமாவது முன் வீலில் நிற்க வேண்டும், என் 630 கிலோ வண்டிக்கு அது 126 கிலோ. பின்னால் 300 கிலோ மூட்டை ஏற்றினால் மேட்டில் முன் வீல் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. முன்னால் வெயிட் போடாமல் பொட்டி செய்து தருகிறவர் சமவெளி வண்டியை மட்டுமே பார்த்தவர். மரம் இழுக்க வசதி என்று கலப்பை மாதிரிக் கருவியை மேல்பக்கம் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி வேறு. அவ்வளவு உயரத்தில் கட்டி இழுத்தால் வண்டி அப்படியே பின்பக்கமாக மல்லாந்துவிடும், கீழே இழுவைக்கென்றே இருக்கும் டிராபாரில் கட்டித்தான் இழுக்க வேண்டும். அந்தக் கொக்கியை நானே கிரைண்டரால் அறுத்தேன்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், “மலையில ஓட்டுறவங்க பார்த்து ஓட்டணும்ண்ணே” என்றார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. நான் செய்த மடத்தனம், பில் வாங்கவில்லை. 25,000 ஜிபேயில் போனதற்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, மீதி ரொக்கம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிடலாம், ஆனால் என்னென்ன வேலை, என்ன விலை என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தால் எவ்வளவோ தெம்பு. இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த உடைந்த போல்ட்டையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.

பட்டறையிலிருந்து வண்டி எடுக்கும்போது போல்ட் தலையைப் பாருங்கள், ரோல் பாரில் வெல்டிங் பொட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், மீதிப் பணத்தை அப்புறம் கொடுங்கள். டாப் இப்போது விறகுக்குக் கூரையாக நிற்கிறது. பழைய சீட்டையே திரும்ப மாட்டி, தேங்காய் நார் மெத்தை ஒன்றைச் சாக்கில் தைத்துப் போட்டிருக்கிறேன், பரவாயில்லை. கொடைக்கானல் பக்கம் யாரிடமாவது மினி டிராக்டர் முன் வெயிட் பழையது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள்.